வியாழக்கிழமைக் கட்டம்

வியாழக்கிழமைக்கும் பெண்கள் அறுவை வார்டுக்கும் நேராகக் கிடந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் டியூட்டர் சௌந்தரவல்லி நிரப்பி முடித்திருந்தாள். அடுத்த வாரம் எந்தப் பயிற்சி நர்ஸ் எந்த வார்டில் நின்று எந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லும் அட்டவணை அது. சனிக்கிழமை மதியச் சாப்பாடு ஆனதும் பயிற்சிப் பள்ளியின் இந்த மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாளானால், பிள்ளைகள் மாலை வகுப்பு முடிந்து படியிறங்குவதற்குள் அது அறிவிப்புப் பலகையில் ஏறிவிட வேண்டும். முதலில் பென்சில். பிறகு குறுக்காக ஒரு வாசிப்பு, நெடுக்காக ஒரு வாசிப்பு. ஒருத்தியே இரண்டு இடத்தில் விழுந்திருக்கிறாளா, கற்றதையே மறுபடி கற்கப் போகிறாளா, பிரசவ அறையில் விழித்தவளை மறுநாள் காலையிலேயே குழந்தைகள் வார்டில் நிறுத்தியிருக்கிறோமா என்று பார்த்த பிறகே பேனா. இது வெறும் ஆள் நிரப்புகிற வேலை என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். கட்டத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு கட்டம். அப்படியல்ல என்று அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் படித்ததை ஒரு பெண் எந்த உடம்பின் மேல் முதன்முதலாகச் செய்து பார்க்கப் போகிறாள் என்பதை இந்தக் காகிதம்தான் முடிவு செய்கிறது. ஊசி ஏறப்போகும் கை யாருடையதோ, அந்தக் கைக்கு உடையவர் இப்போது எங்கோ பேருந்தில் உட்கார்ந்திருக்கலாம், வீட்டில் முறுக்குப் பிழிந்துகொண்டிருக்கலாம். அடுத்த வாரம் இங்கே வந்து படுப்போம் என்பதுகூட அவருக்குத் தெரிந்திராது. வியாழக்கிழமைக்கு உரியவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அன்று காலை பெண்கள் அறுவை வார்டிலிருந்து ஒருத்தியைத் தள்ளுவண்டியில் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். மயக்கம் தெளியும்வரை ஒரு பயிற்சி நர்ஸ் அவள் கட்டிலை விட்டு நகராமல் நிற்பாள். அந்த ஒருத்தி சௌந்தரவல்லிதான் என்பதை அறிந்தவர்கள் இந்த ஆஸ்பத்திரியில் இரண்டே பேர்: அவள், டாக்டர் வைதேகி. மற்றவர்களிடம் புனேயில் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொல்லி விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். புதன்கிழமை மாலை தியேட்டர் பட்டியலில் பெயர் ஏறினால் ஊருக்கே தெரிந்துவிடப்போகிற ஒன்றை அதுவரை மறைத்து என்ன லாபம் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். லாபம் ஒன்றுமில்லை. யாரும் “ஐயோ பாவம்” என்று சொல்லாத நாட்கள் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான்.

“கூட யாரு இருப்பா?” என்று டாக்டர் வைதேகி கேட்டபோது, “ஏற்பாடு பண்ணிக்கிறேன் டாக்டர்” என்றிருந்தாள். ஏற்பாடு. ஆயுள் முழுவதும் செய்தது அது ஒன்றைத்தானே. யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்குப் பின் யார் வர வேண்டும், ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அவள் இடத்துக்கு எவள் என்று பிள்ளைகளை ஏற்பாடு செய்து ஏற்பாடு செய்தே தலை நரைத்துவிட்டது. தன் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார ஓர் ஆளை ஏற்பாடு செய்ய வரவில்லை. தம்பியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் வருவான். வந்தால் அவனுடைய மருமகளுக்கு இது மாதம் நிறைகிற நேரம், அங்கே ஓர் ஆள் குறையும். அவன் வராந்தாவில் நின்றுகொண்டு கைப்பேசியில் இந்தியில் பேசிக்கொண்டே இருப்பான். நடுநடுவே திரும்பி, “ஒண்ணுமில்லையேக்கா?” என்பான். ஞாயிற்றுக்கிழமை பேசும்போதும் இதையேதான் கேட்டான், அவளும் “ஒண்ணுமில்லடா” என்றாள். அவன் நிம்மதியாக மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினான். அந்த நிம்மதியை அவள் காதால் கேட்டாள். ஒருவர் நிம்மதியடைவதை அவ்வளவு தெளிவாகக் கேட்க முடியும் என்று அதற்கு முன் அவளுக்குத் தெரியாது. ஆகவே உறவு வேண்டாம், உத்தியோகம் போதும். பயிற்சி நர்ஸ் என்று ஒருத்தி கட்டாயம் நிற்கத்தானே போகிறாள். அது யார் என்பதை எழுதப்போகிற பென்சிலும் தன் கையில்தானே இருக்கிறது. அவள் கட்டத்துக்குள் “ஷர்மிளா பானு” என்று எழுதினாள். பானுவின் கைகள் நல்ல கைகள். அவள் ஊசி போட்டால் நோயாளி பேச்சை நிறுத்துவதில்லை. போர்வையை விலக்கினால் விலக்க வேண்டிய அளவுக்கு மேல் ஒரு விரற்கடைகூட விலக்க மாட்டாள். அந்த விரற்கடை பெரிய விஷயம். மயங்கிக் கிடக்கிற ஒருத்தியின் மானம் முழுவதும் அந்த விரற்கடையில்தான் இருக்கிறது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறாள், யாருடைய மானத்தைப் பற்றிச் சொல்கிறோம் என்று நினைக்காமல். பானு போதும். பானுவே போதும். குறுக்காக வாசித்தாள், சரியாக இருந்தது. நெடுக்காக வாசித்தாள், அறுவைக்குப் போய்த் திரும்புகிறவள் கூடவே நிற்கிற தியேட்டர் கேஸ் என்ற வேலையைப் பானு எப்போதோ முடித்துவிட்டிருந்தாள். ஒருமுறையல்ல, தேவைக்கு மேலேயே. கற்றதையே மறுபடி கற்க ஒருத்தியை அனுப்பக் கூடாது என்பது இந்த அறையின் சட்டம். சட்டத்தைப் போட்டவளும் இவள்தான். ரப்பரை எடுத்து அழித்தாள். பானு போனாள், காகிதத்தில் ஒரு சாம்பல் நிறத் திட்டு மிஞ்சியது.

அந்த வேலையை இன்னும் முடிக்காதவள் ஒருத்தியே ஒருத்திதான், மாரிக்கனி. பெயரை எழுதாமலேயே சௌந்தரவல்லி கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறை ஓரத்துக் கட்டிலில் பயிற்சிக்கான ரப்பர் பொம்மை கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தது. பிள்ளைகள் அதற்குச் சித்தி என்று பெயர் வைத்திருந்தார்கள், “சித்திக்குச் சிறுநீர்க் குழாய் போட்டாச்சு மேடம்” என்பார்கள். மாரிக்கனி சித்தியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஊசி போடுவாள். நல்ல பெண். வாய் ஓயாது, நோயாளிகளிடம் ஊர் விசாரிப்பாள், எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே அவளுக்கு ஓர் அத்தை இருப்பாள். கைதான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவள் கையிலிருந்து ஏதாவது நழுவும். கிட்னி ட்ரே விழுந்து சுழலும் சத்தம் கேட்டால் வார்டே “கனி வந்தாச்சு” என்று சொல்லும். முதல்முறை தியேட்டர் கேஸ் எடுக்கப் போனபோது வாசலிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். அடுத்த முறை வார்டு சிஸ்டர் ஃபிலோமினா அவளைப் பாதியில் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கடுத்த முறை, அதற்கும் அடுத்த முறை, இங்கே, இந்த மேசையில், சௌந்தரவல்லியே பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்தாள். அன்றைய நோயாளி ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை, சிறு பிள்ளைக்காரி. இவளிடம் எப்படி ஒப்படைப்பது? இன்னொரு நாள் வந்தவள் வயதானவள், இதயம் பலவீனம், இவளிடம் எப்படி? ஒவ்வொரு நோயாளியும் யாரோ ஒருவருக்கு வேண்டியவளாக இருந்தாள். வராந்தாவில் அவளுக்காக யாரோ பிளாஸ்க்கோடு நின்றார்கள். நின்றவர்களின் முகத்தை நினைத்து அவள் மாரிக்கனியை நகர்த்தினாள், நகர்த்தி நகர்த்தியே அந்தப் பெண் எதையும் கற்காமல் பயிற்சிக் காலத்தின் கடைசிக்கு வந்துவிட்டாள். இனி சான்றிதழோடு வெளியே போவாள். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில், மேலே பார்த்துக்கொள்ள யாருமில்லாத ஓர் இடத்தில், முதல்முறையாக ஒரு மயங்கிய உடம்பின் பக்கத்தில் தனியாக நிற்பாள். நோயாளியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஆபத்தை அட்டவணைக்கு வெளியே தள்ளிவிடுவது. வெளியே தள்ளினால் ஆபத்து அழிந்துவிடுமா? இந்தத் தொழிலில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு இது ஒன்றுதான், இதைச் செய்யாத டியூட்டரும் கிடையாது.

மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. ஃபிலோமினா.

“டியூட்டர், போஸ்டிங் போட்டாச்சா? வியாழக்கிழமை எனக்கு நல்ல புள்ளையா ஒண்ணு அனுப்பிருங்க. டாக்டரம்மா ஏதோ ஸ்பெஷல் கேஸுன்னு சொன்னாங்க, பேரைச் சொல்ல மாட்டேங்கிறாங்க. யாரோ பெரிய இடம்போல.”

“அப்படியா” என்றாள் சௌந்தரவல்லி.

“அந்தக் கனியை மட்டும் அனுப்பிராதீங்க சாமி. போன தடவை தெர்மாமீட்டரை உடைச்சிட்டு அழுதுகிட்டு நின்னுச்சு. நான் நோயாளியைப் பாக்கவா, அவ கண்ணைத் துடைக்கவா? கடைசில அந்த நோயாளியே எந்திரிச்சு அவளுக்குத் தண்ணி குடுக்குது. நல்லாருக்கே கதை! சரி, புனேக்கு எப்பக் கிளம்புறீங்க? அங்க சேலை நல்லாருக்குமாமே, எனக்கு ஒண்ணு பாருங்க.”

“பார்க்கிறேன்” என்றாள். தொலைபேசியை வைத்தபின்னும் ஃபிலோமினா சொன்ன ஒரு சொல் அறையில் கொஞ்ச நேரம் நின்றது. பெரிய இடம். சிரிக்கலாம் என்று தோன்றியது, ஆனால் சிரித்தால் அதைக் கேட்கச் சித்தி மட்டுமே இருந்தாள். வெளியே எங்கோ கல்யாண மண்டபத்து நாதசுரம் ஒலிபெருக்கியில் கரகரத்து வந்தது. கீழே காண்டீனில் தோசைக்கல்லைத் தேய்க்கிற சத்தம். எண்ணெய் காய்கிற வாசனையோடு டெட்டால் வாசனை கலந்து மாடியேறி வருவது இந்த அறைக்கே உரிய வாசனை, வேறெங்கும் இது கிடையாது. மயக்கத்திலிருந்து திரும்பும்போது முதலில் வாசனை வருமா, சத்தம் வருமா? பிள்ளைகளுக்குச் சத்தம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள், பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அவள் பயப்படுவது அதற்கு அடுத்த நொடியை. மயக்கம் விலகும் விளிம்பில் மனிதர்கள் பேசுவார்கள். எத்தனை பேர் பேசக் கேட்டிருக்கிறாள். மீசை முறுக்கிய ஒரு சப் இன்ஸ்பெக்டர், “அம்மா, பயமா இருக்கு, விளக்கை அணைக்காத” என்று அழுதார். ஒரு வக்கீல் வீட்டம்மாள், கணவன் பெயரல்லாத ஒரு பெயரை அவ்வளவு ஆசையோடு சொன்னாள். சௌந்தரவல்லி அங்கிருந்த பிள்ளைகளையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். எல்லோரும் யாரையாவது கூப்பிட்டார்கள். உள்ளே, அறிவின் காவலெல்லாம் கழன்றுபோன இடத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் தயாராக இருந்தது. தனக்கு என்ன வரும்? அம்மா என்று வருமா? அம்மா போய் வெகுகாலம் ஆயிற்று, முகம்கூடப் படத்தில் உள்ள முகமாகத்தான் நினைவுக்கு வருகிறது. வாலிபத்தில் ஒருவர் இருந்தார், மருந்துக் கிடங்கில் கணக்குப் பார்த்தவர். மாலையில் இருவரும் ஒரே பேருந்துக்கு நிற்பார்கள், பேசியதெல்லாம் பேருந்தைப் பற்றித்தான். அவர் மாற்றலாகிப் போனபோது, “வரட்டுமா சிஸ்டர்?” என்றார். சிஸ்டர். அந்தப் பெயரையா கூப்பிடப்போகிறாள்? யாரையும் கூப்பிடாமல் போவதே நடக்கக்கூடியது. வாயைத் திறந்து, “பானு திங்கட்கிழமை மருத்துவ வார்டு, மாரிக்கனி செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ்” என்று அட்டவணையைச் சொல்லுவாள். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பாருங்கள், மயக்கத்திலும் கடமை என்று பாராட்டுவார்கள். உள்ளே வேறு ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்தும் இதுதான் கிடைத்தது என்று ஒருவருக்கும் தோன்றாது.

அவள் மறுபடி “ஷர்மிளா பானு” என்று எழுதினாள். ஒருமுறை. ஒரே ஒருமுறை சட்டத்தை வளைத்தால் என்ன? இத்தனை வருஷம் தனக்கென்று ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டதுண்டா? ஸ்பெஷல் கேஸ், தேர்ந்த கை வேண்டும் என்று ஃபிலோமினாவே கேட்டுவிட்டார், காரணம் கையில் இருக்கிறது. ஆனால் மாரிக்கனிக்கு இனி எந்த வியாழக்கிழமை? அடுத்த வாரமும் யாரோ ஒருத்தி, யாருக்கோ வேண்டியவள் வருவாள், அப்போதும் இந்த ரப்பர் எழும். யாருக்கும் குறிப்பாக வேண்டாத ஒரு நோயாளி வந்தால்தான் இவளுக்குக் கட்டம் கிடைக்கும். எண்ணம் அந்த இடத்துக்கு வந்ததும் முள்ளில் மாட்டிய சேலையைப்போல நின்றது. இழுத்தாள், கிழிகிற சத்தம் கேட்பதுபோல் இருந்தது. யாருக்கும் குறிப்பாக வேண்டாத ஒரு நோயாளி. வராந்தாவில் பிளாஸ்க்கோடு நிற்க ஆளில்லாத ஒருத்தி. இத்தனை நாள் அப்படியொரு உடம்புக்காகத்தான் இந்தக் கட்டம் காத்திருந்ததா? தியாகம் என்று இதற்குப் பெயர் வைத்துவிடக் கூடாது, அது பொய். அவளுக்கு மாரிக்கனி வேண்டாம், பானுதான் வேண்டும், இப்போதும் பானுதான் வேண்டும். நடுங்குகிற கை தன் வயிற்றுக் கட்டைப் பிரித்துப் பார்ப்பதை நினைத்தாலே தொடை இறுகுகிறது. ஆனால் கணக்கு இப்படித்தான் வருகிறது. தன் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெண்மணியின் பெயரை வைத்துப் பார்த்தாலும் இப்படித்தான் வர வேண்டும். இதுவரை தான் அப்படி வரவிடவில்லை, அவ்வளவே. அவள் பானுவை அழித்தாள். இரண்டாம் தடவை அழித்ததில் காகிதம் நைந்து மயிர் மயிராக எழுந்தது. பென்சிலைத் தொடாமல் பேனாவாலேயே மாரிக்கனி என்று எழுதினாள். நைந்த இடத்தில் மை ஊறிப் பெயர் கொஞ்சம் தடித்தது. பிறகு யோசிக்க இடம் கொடுக்காமல் எழுந்து போய், வெளியே பலகையில் அட்டவணையை வைத்து நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி, திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

வகுப்பு விட்டதும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கொட்டியது. பலகையின் முன்னால் வழக்கமான இரைச்சல்.

“ஏட்டி கனி, உனக்கு பொம்பளை சர்ஜிக்கல்! ஃபிலோமினா சிஸ்டர் உன்னைய வறுத்துக் கொட்டப் போறாவ.”

“ஐயோ, எங்கட்டி? காட்டு, காட்டு. தள்ளுட்டி, பாப்போம்.”

“வியாழக்கிழமை தியேட்டர் கேஸு. அந்த நோயாளி யாரு பெத்த புள்ளையோ!”

சிரிப்பு. சௌந்தரவல்லி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு படியிறங்கிப் போனது. ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் போகவில்லை. அது இரண்டடி வந்து நின்றது, இன்னும் ஓரடி வந்து நின்றது.

“உள்ள வரலாமா மேடம்?” மாரிக்கனிதான். குனிந்த தலையோடு வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “வியாழக்கிழமை என்னைய வேற எங்கயாச்சும் போடுங்க மேடம். பிரசவ ரூம்ல விடிய விடிய நிக்கச் சொன்னாலும் நிக்கேன். தியேட்டர் கேஸ் மட்டும் வேண்டாம்.”

“ஏன்?”

“கை நடுங்குது மேடம். பானுகிட்டக் கேட்டுட்டேன், மாத்திக்கிடலாம்னு சொல்லிட்டா. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்.”

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அழிக்க வேண்டாம், வளைக்க வேண்டாம், பிள்ளைகள் தாங்களே மாற்றிக்கொண்டார்கள். ஃபிலோமினாவுக்குச் சந்தோஷம், பானுவுக்குச் சம்மதம், இவளுக்கு விடுதலை. பழி சொல்ல யாருமில்லை. கை பேனாவை எடுத்தும்விட்டது. மாரிக்கனியின் முகத்தில் அதற்குள் ஒரு நிம்மதி வந்திருந்தது, “ஒண்ணுமில்லடா” என்று சொன்னதும் தம்பியின் குரலில் வந்த அதே நிம்மதி. சௌந்தரவல்லி பேனாவை மூடி வைத்தாள்.

“அந்தக் கேஸ் யாருன்னு தெரியுமா?”

“தெரியாது மேடம். லிஸ்ட் வரலையே.”

“நான்தான்.”

மாரிக்கனி சிரித்தாள். சிரிப்பு பாதியில் வழி தெரியாமல் நின்றது. “நீங்க புனேக்குல்லா போறீங்க?”

“போகல. கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க.”

“ஐயையோ, அப்ப கண்டிப்பா நான் வேண்டாம் மேடம். உங்களைப் போயி நான்... பானுவைப் போடுங்க மேடம், உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்.”

“பானுவுக்கு அது தெரியும். உனக்குத் தெரியாது.”

“எனக்குப் பயமாருக்கு.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றாள் சௌந்தரவல்லி. எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? டாக்டரிடம் சொல்லாதது, தம்பியிடம் சொல்லாதது, தலையணையிடம்கூடச் சொல்லாதது, பயிற்சியில் கடைசியாக நிற்கிற ஒருத்தியிடம் இப்படி வந்து விழுந்துவிட்டது. திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. மாரிக்கனி அவளையே பார்த்தாள். பிறகு, எந்தப் பயிற்சி நர்ஸும் இந்த அறையில் செய்யாத ஒன்றைச் செய்தாள், கேட்காமலேயே எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“உங்க தம்பி வருவாவளா மேடம்?”

“சொல்லல.”

பாவம் என்று சொல்லப்போகிறாள் என எதிர்பார்த்துச் சௌந்தரவல்லி தோளை இறுக்கிக்கொண்டாள். மாரிக்கனி அதைச் சொல்லவில்லை. நகத்தைக் கடித்தபடி எதையோ மனத்துக்குள் ஒவ்வொன்றாக நடத்திப் பார்ப்பவள்போல இருந்தாள். தள்ளுவண்டி, கட்டில், தலையைப் பக்கவாட்டில் திருப்புவது, நாடி. ஓரிடத்தில் அவளுக்குத் தடங்கியது.

“மேடம், ஒண்ணு கேக்கவா? மயக்கம் தெளியுதப்ப பேரு சொல்லிக் கூப்பிடணும்லா. உங்களை என்னன்னு கூப்பிட? மேடம்னு கூப்பிட்டா நீங்க முழிச்சதும் என்னைய ஏசத்தான் செய்வீங்க.”

“கேஸ் ஷீட்டுல பேர் இருக்கும்.”

“அது முழுப் பேருலா. அதைச் சொன்னா பேங்குல கூப்பிடுத மாதிரி இருக்கும். வீட்டுல என்னன்னு கூப்பிடுவாவ?”

வீட்டில். தம்பிக்கு அவள் அக்கா. இந்தக் கட்டடத்தில் டியூட்டர், மேடம், முன்பு சிஸ்டர். தெருவில் நர்சம்மா. வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பெயர் மட்டும் எங்கே இருந்தது? சொல்லும்போது குரல் தன்னுடையதுபோல் இல்லை.

“வல்லி.”

மாரிக்கனி பாவாடையில் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டாள். மேசையின்மேல் முன்னால் சாய்ந்து, தன்னைவிட எத்தனையோ மூத்தவளைப் பெயர் சொல்லி அழைக்கிற கூச்சத்தில் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டு, உதடு பிரிந்ததும் பிரியாததுமாகச் சொன்னாள்:

“வல்லி...”

சௌந்தரவல்லி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

“கேக்கல” என்றாள். “இன்னும் சத்தமா.”